பன்னிரண்டு பாடவேளைகளைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் மாவட்டத்துத் தனியார் மேல்நிலைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவின் கால அட்டவணையிலிருந்து இந்த ஆண்டு பாவனை வணிகப் பயிற்சியை, அதாவது மாணவர் அணிகள் கற்பனைக் கடை நடத்திக் கணக்கு எழுதும் பயிற்சியை, எடுத்துவிட்டீர்கள். ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே அதற்கு 12 பாடவேளைதான். அந்த இடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்கான ஸ்லிப் டெஸ்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது. சில பள்ளிகளில் இதற்கு ஈடாக வெளியார் நடத்தும் ஒருநாள் முகாம் என்று சுற்றறிக்கை போயிருக்கிறது. சான்றிதழ் உண்டு, கட்டணம் பெற்றோர் தலையில். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தும் எங்களால் இந்த இரண்டையும் ஏற்க முடியாது. ஏன் முடியாது என்பதை எண்களோடு சொல்கிறோம்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அந்த ஆண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. மாணவர் தலையிலிருந்து இறக்கிவைத்த சுமை அது. இறங்கிய இடத்தில் அடுத்த ஆண்டின் சுமையை ஏற்றிவைப்பது எந்தக் கணக்கில் சேரும்? தேர்வுப் பயம் இல்லாத இந்த ஓர் ஆண்டில்தான் பற்று, வரவு என்பவை என்னவென்று கையால் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும்.

பிசினஸ் கேம் என்ற பெயர் இந்தப் பயிற்சிக்குக் கெடுதல் செய்துவிட்டது. கோடை விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்து ஆடும் டிரேடு என்று நினைத்துவிடுகிறார்கள். டிரேடில் பகடை விழுகிறபடி காய் நகரும். இதில் பகடையே கிடையாது, எல்லாம் முடிவும் அதன் விளைவும்தான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க மேலாண்மைச் சங்கம் இதைத் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அல்ல, நிறுவன உயர் அதிகாரிகளுக்காக. அன்று கணக்குப் போட ஐபிஎம் 650 கணினி தேவைப்பட்டது. நம் வகுப்புக்கு ஒரு கால்குலேட்டரும் கோடு போட்ட நோட்டும் போதும்.

நாங்கள் நடத்துவது இட்லி மாவுக் கடை. 30 பேர் வகுப்பில் ஐந்து ஐந்து பேராக ஆறு அணிகள். ஒரு சுற்று என்பது ஒரு வாரம், மொத்தம் எட்டுச் சுற்று. ஒவ்வோர் அணிக்கும் முதல் 43,000 ரூபாய். கிரைண்டர் 26,000, கடை முன்பணம் 6,000 போக, கையில் 11,000 நிற்கும். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, பை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 28 ரூபாய் அடக்கம், அதை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். வாடகையும் கூலியும் வாரம் 2,400. கிரைண்டரின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதாவது 260 வாரம். நேர்கோட்டு முறையில் தேய்மானம் வாரத்துக்கு 100. வாரத்தில் அதிகபட்சம் 360 பாக்கெட் ஆட்டலாம். விற்காத மாவு புளித்துப்போகும், அடுத்த வாரத்துக்கு வராது. பாதி விற்பனை வீடுகளுக்கு, ரொக்கம். மறு பாதி டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் இரண்டு வாரக் கடன்.

மாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பேனா, நோட்டு என்று வைத்தால் மிஞ்சியது அலமாரியில் இருக்கும், அதிகமாகச் செய்த தவறு கண்ணில் படாது. மாவு மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி முதல் வாரம். அணி 300 பாக்கெட் ஆட்டி 40 ரூபாய்க்கு விற்கிறது. செலவு 8,400 + 2,400 = 10,800. கையில் மிச்சம் 200. விற்பனை 12,000, அதில் ரொக்கம் 6,000, கடன் 6,000. இலாபம்? பாக்கெட்டுக்கு 12 வீதம் 3,600, அதில் 2,400 போய் 100 தேய்மானமும் போனால் 1,100. பிள்ளைகள் கைதட்டுவார்கள். இரண்டாம் வாரம் அதே 300 பாக்கெட் ஆட்ட 10,800 வேண்டும். ரொக்க ஏட்டைத் திறந்தால் 6,200தான் இருக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் விழும் அமைதிக்காகவே இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்று சொல்வோம். இலாபம் வந்திருக்கிறது, பணம் எங்கே? பாடப்புத்தகத்தில் கடனாளிகள் என்று ஒரு சொல்லாக இருந்தது, டீக்கடைக்காரரிடம் நிற்கும் 6,000 ரூபாயாக மாறும் இடம் அது.

இங்கே அணிகள் இரண்டாகப் பிரியும். கடன் வாங்குவது தப்பு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருப்பதை வைத்து ஓட்டுவார்கள். 6,200இல் வாடகை, கூலி 2,400 போனால் 3,800. அதில் 135 பாக்கெட்தான் ஆட்ட முடியும். 135 × 12 = 1,620. நிலையான செலவு 2,500. அந்த வாரம் 880 ரூபாய் நட்டம். இன்னொரு அணி குறையும் 4,600ஐ வாரத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் வாங்கும். வட்டி 92. இலாபம் 1,100இலிருந்து 1,008 ஆகும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 104 விழுக்காடு வரும் அந்த வட்டி, வேண்டுமென்றே கடுமையாக வைத்தது. அத்தனை கடுமையிலும் கடை நிற்காமல் ஓடுவதன் மதிப்பு பெரிது என்பதை 92 வட்டிக்கும், 880 நட்டத்துக்குப் பதில் 1,008 இலாபம் என்ற 1,888 வித்தியாசத்துக்கும் உள்ள இடைவெளி சொல்லிவிடும். அதே வட்டி எட்டு வாரமும் நீடித்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்த பொறி கடனை அடைக்கும்போது இருக்கிறது. பின்னால் வரும் உளுந்து விலையேற்றத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்துப் பார்ப்போம். எல்லாம் ஒழுங்காக விற்றால் நான்காம் வார முடிவில் கையில் 8,216 இருக்கும். வட்டியோடு 4,600ஐ அடைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். அடைத்தால் மிச்சம் 3,524. ஐந்தாம் வாரம் டீக்கடைப் பாக்கி 6,000 வந்தாலும் 9,524தான், 10,800க்கு மறுபடி குறைவு. ஐந்தாம் வார முடிவில் அடைத்தாலும் 168 ரூபாய் இடிக்கும். ஆறாம் வார முடிவில் அடைத்தால்தான் கடை தடைபடாது. நடைமுறை முதல், அதாவது அன்றாடம் கடை ஓடத் தேவையான பணம், என்ற தலைப்பை எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் இந்த 168 ரூபாய் புரியவைப்பதைப் புரியவைக்க எங்களால் முடிந்ததில்லை.

விலைப் போட்டிக்கு ஒரே விதி. ஆறு அணிகளின் விலைக்கும் சராசரி எடுக்க வேண்டும். சராசரி விலையில் விற்பவருக்கு 300 பாக்கெட். சராசரிக்கு மேலே ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 பாக்கெட் குறையும், கீழே ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 கூடும். சராசரியிலிருந்து விலகல்களின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியம் என்பதால் மொத்தச் சந்தை 1,800 பாக்கெட்டில் அப்படியே நிற்கும். ஒருவர் கூடுதலாக விற்பது இன்னொருவர் இழந்தது. விலை 36க்குக் கீழும் 44க்கு மேலும் போகக் கூடாது.

ஐந்து அணிகள் 40இல் நிற்க, ஓர் அணி 37க்கு இறங்கட்டும். சராசரி 39.50. இறங்கிய அணிக்கு 350 பாக்கெட் விற்பனை. பாக்கெட்டுக்கு 9 ரூபாய் வீதம் 3,150, நிலையான செலவு போக 650. மற்றவர்களுக்கு 290தான் விற்கும். 300 ஆட்டியிருப்பார்கள், பத்துப் பாக்கெட் புளிக்கும், இலாபம் 700. வட்டிக்கு முன்னால் 1,100 பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரும் கீழே வந்துவிட்டார்கள், இறங்கியவர் எல்லாரையும்விடக் கீழே. கோபத்தில் எல்லோரும் 36க்குப் போனால் ஆளுக்கு 300 விற்கும், ஆனால் 8 × 300 = 2,400. செலவு 2,500. ஊரே மாவு வாங்கியும் ஆறு கடைக்கும் நட்டம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ஏழெட்டு நிமிடத்தில் அணித் தலைவர்கள் கண்ணால் பேசிக்கொண்டு எல்லோரும் 44 என்று எழுதித் தருவார்கள். அதற்காக ஒரு விதி: சராசரி 42ஐத் தாண்டினால் ஒவ்வோர் அணிக்கும் 60 பாக்கெட் குறையும், மக்கள் வீட்டிலேயே ஆட்டிக்கொள்வார்கள். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் இப்படிக் கூடி விலை வைப்பது தடைசெய்யப்பட்டது என்பதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

ஐந்தாம் சுற்றில் உளுந்து விலை ஏறும். அடக்கம் 28இலிருந்து 31. இலாப நட்டமற்ற அளவு 209 பாக்கெட்டிலிருந்து 278க்குத் தாவும். மூன்று ரூபாய்தானே என்றவர்கள் நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

பாடவேளை எப்படிப் போகிறது என்றும் கேட்கிறீர்கள். 45 நிமிடத்தில் 12 நிமிடம் முடிவெடுத்துச் சீட்டு எழுத. 8 நிமிடம் சராசரி போட்டு முடிவு அறிவிக்க. 20 நிமிடம் ஏடுகளில் பதிய. மிச்சம் 5 நிமிடம் நோட்டுகளைத் திரும்ப வாங்க. விதிகளுக்கு ஒரு பாடவேளை, சுற்றுகளுக்கு எட்டு, இறுதிக் கணக்குகளுக்கு இரண்டு, கலந்துரையாடலுக்கு ஒன்று. ஆக 12. சத்தம் வருகிறது என்று ஆய்வுக்கு வந்தவர்கள் குறித்திருக்கிறார்கள். முதல் 12 நிமிடத்தில் சத்தம் வரும். ஏடுகளில் பதியும் 20 நிமிடத்தில் வந்து பாருங்கள், தேர்வறைபோல இருக்கும்.

இது கெட்டுப்போகும் வழிகளும் எங்களுக்குத் தெரியும், மறைக்கவில்லை. முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டு மற்ற நால்வர் வேடிக்கை பார்ப்பது முதலாவது. விலை, உற்பத்தி, ரொக்கம், வசூல், பேரேடு என்ற ஐந்து பொறுப்பும் சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும், சீட்டில் ஐவர் கையெழுத்தும் வேண்டும். இருபாலர் வகுப்பில் ஆண்கள் விலை பேச, பெண்கள் பேரேடு எழுதுவது தானாகவே நடக்கும். பொறுப்பைச் சுழற்றாவிட்டால் ஆண்டு முழுக்க அப்படியே போகும். எட்டாவது சுற்றுதான் கடைசி என்று முன்னால் சொன்னால் அணிகள் அந்த வாரம் விளையாட்டைக் கலைத்துவிடும். எனவே சொல்லக் கூடாது. அதிக இலாபத்துக்கு மதிப்பெண் என்றால் சூதாட்டம் தொடங்கும், அல்லது பக்கத்து அணியைப் பார்த்து எழுதுவார்கள். மதிப்பெண் ஏடுகள் சரியாக இருப்பதற்கும், சீட்டின் பின்பக்கம் எழுதிய காரணத்துக்கும்தான். இவை எல்லாவற்றையும்விட மோசம், நேரமில்லை என்று கடைசிக் கலந்துரையாடலைத் தள்ளிவிடுவது. அது இல்லையென்றால் நடந்தது வெறும் விளையாட்டு என்ற உங்கள் குறை உண்மையாகிவிடும்.

மதிப்பெண் குறையும் என்பது உங்கள் கவலை. முதல் வாரத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் பாருங்கள். கிரைண்டர் 25,900, முன்பணம் 6,000, கடனாளிகள் 6,000, ரொக்கம் 6,200. கூட்டினால் 44,100. எதிரே முதல் 43,000, இலாபம் 1,100. அதே 44,100. பிள்ளைகள் செய்யும் தவறும் இங்கேதான் வெளிப்படும். கிரைண்டரைக் கொள்முதலில் எழுதிவிட்டு முதல் வாரமே 24,800 நட்டம் என்று கொண்டுவருவார்கள். முன்பணத்தையும் செலவாக எழுதுபவர்கள் 30,800 என்பார்கள். முதலினச் செலவு (நீண்ட காலம் பயன்படும் சொத்துக்கானது), வருவாயினச் செலவு (அன்றாடம் தீர்ந்துபோவது) என்று வரையறையை மனப்பாடம் செய்து எழுதிய அதே பிள்ளைகள். கடை மூடிவிட்டதா, பிறகு எப்படி அடுத்த வாரம் மாவு ஆட்டினீர்கள் என்று கேட்டால் தாங்களே அழித்துத் திருத்துவார்கள்.

குறிப்பேடு, பேரேடு, ரொக்க ஏடு, இருப்பாய்வு, பிழைத் திருத்தம், தேய்மானம், இறுதிக் கணக்குகள். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் இந்த எட்டு வாரம் தொடாதவை வங்கிச் சரிகட்டும் பட்டியல் போன்ற சில பாடங்களே. பன்னிரண்டில் வரும் விகிதப் பகுப்பாய்வுக்கு இந்த நோட்டே மூலப்பொருள், டேலி (கணக்கு மென்பொருள்) பாடத்துக்கு வேறு பயிற்சிக் கணக்கு தேட வேண்டியதில்லை. நீங்கள் ஸ்லிப் டெஸ்ட் வைக்கும் பாடத்துக்குத்தான் இது அடித்தளம்.

இரண்டு பாடவேளை சேர்ந்து கிடைத்தால் இன்னொன்றும் செய்யலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1960ஐ ஒட்டி உருவாக்கிய, சரக்கு விநியோகம் பற்றிய பீர் விளையாட்டு. நம் வகுப்பில் பீருக்குப் பதில் கோலி சோடா. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் வரிசை. ஒவ்வொருவரிடமும் தொடக்க இருப்பு 12 பெட்டி. அனுப்பிய சரக்கு வந்துசேர இரண்டு வாரம் ஆகும். ஒரு பெட்டி தேங்கினால் வாரம் 50 காசு, கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு ரூபாய். ஒருவரோடொருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டுமே. வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் 4 பெட்டி கேட்பார், ஐந்தாம் வாரத்திலிருந்து 8, அதற்குப் பின் மாற்றமே இல்லை. ஆனாலும் ஆர்டர் ஆலைக்குப் போய்ச் சேரும்போது பல மடங்கு வீங்கி, பிறகு ஒரேயடியாகப் படுத்துவிடும். வாடிக்கையாளர் தாறுமாறாகக் கேட்டார் என்று நால்வரும் அடித்துச் சொல்வார்கள். சீட்டுக்கட்டைத் திருப்பி வைத்து, ஒரே ஒரு முறைதான் மாறியது என்று காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். விநியோகச் சங்கிலி பற்றி வணிகவியல் ஆசிரியர் அதன் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்காது.

ஒருநாள் முகாமுக்கு வருகிறோம். காலையில் ஊக்கப் பேச்சு, மதியம் கணினித் திரையில் ஆங்கிலத்தில் ஒரு மென்பொருள், மாலையில் சான்றிதழ். விலையை ஏற்றினால் கோடு இறங்குகிறது, இறக்கினால் ஏறுகிறது. ஏன் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது, கணக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. கணினி வழிப் பயிற்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கையால் எட்டு வாரம் எழுதிய பிள்ளை அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்தால் அதன் உள்ளே நடப்பதை ஊகிக்கும். வரிசை மாறினால் பயனில்லை. கடனுக்கு விற்ற பணம் திரும்பி வர இரண்டு வாரம் காத்திருக்கும் தவிப்பை ஒரே நாளில் கொடுக்கவும் வழியில்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021இல் மாணவருக்குத் தலைக்கு 2,000 ரூபாய் வரை விதைப்பணம் கொடுத்து உண்மையான தொழிலையே தொடங்கவைத்தார்கள். அந்த அளவுக்கு நாங்கள் கேட்கவில்லை. நகல் எடுக்கும் காகிதச் செலவில் முடியும் ஒன்றைக் கேட்கிறோம்.

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வாரம் ஒன்று வீதம் 12 பாடவேளையைக் கால அட்டவணையில் பெயரோடு திரும்பச் சேர்க்க வேண்டும். அந்தப் பாடவேளையை ஸ்லிப் டெஸ்டுக்கோ வேறு பாடத்துக்கோ மாற்றும்போது ஈடான பாடவேளையை அதே வாரத்தில் தர வேண்டும், ஏனென்றால் ஒரு சுற்று விட்டுப்போனால் ரொக்க ஏடு அறுந்துவிடும். காலாண்டுக்குப் பின் இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் ஒரே ஒரு முறை வேண்டும், சோடா வரிசைக்காக. அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு உரிய பங்கை இந்த நோட்டுக்கு வழங்க அனுமதி வேண்டும். பெற்றோரிடம் கட்டணம் வாங்கி நடத்தும் ஒருநாள் முகாமை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை முற்பகலும் ஒரு வகுப்பறையும் போதும், நடத்துவது எங்கள் பொறுப்பு, ஊதியம் கேட்கவில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு சுற்றுக்கு நேரில் வந்து பின்வரிசையில் உட்காருங்கள். இரண்டாம் வாரச் சுற்றாக இருந்தால் நல்லது. எங்கள் கோரிக்கைகளுக்கு ஆம், இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, எழுத்தில், இம்மாத இறுதிக்குள் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேல்நிலை வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆசிரியர்கள்